விண்டோஸா, மேக்கா, லினக்ஸா: கட்சி கட்டாமல் ஒரு முடிவு

தங்கை மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.ஆர்க். என்ற கட்டடக்கலைப் படிப்பில் சேரப்போகிறாள். குடும்ப வாட்ஸப் குழுவில் "காலேஜுக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்று ஒரு வரி போட்டாள். அரை மணி நேரத்தில் பதினேழு பதில்கள் வந்துவிட்டன. ஐபோன் வைத்திருக்கும் அண்ணன் மகன், "கண்ணை மூடிக்கிட்டு ஆப்பிள் மேக் வாங்கு" என்றான். அவளுடைய அப்பா, எங்கள் மாப்பிள்ளை, தன் அலுவலகத்தில் பல வருடமாக ஓடும் கணினிகளின் கம்பெனிப் பெயரைச் சொன்னார். சித்தி பையன் கேமிங் லேப்டாப் என்றான், அவனிடம் இருப்பது அதுதான். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பற்றிப் பேசுகிற ஆள் எங்கள் குடும்பத்தில் நான். நானும் அதையே எழுதினேன்.

இரவு அந்தப் பதில்களை மறுபடி படித்தபோது ஒன்று உறுத்தியது. ஒவ்வொருவரும் தன் கையில் இருப்பதையே சொல்லியிருக்கிறோம். நீ சேரப்போகிற படிப்பில் எந்த மென்பொருளில் வரையச் சொல்வார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினேழு பேரில் ஒருவர்கூட அவளுக்குப் பதில் சொல்லவில்லை. தாங்கள் முன்பு எடுத்த முடிவு சரிதான் என்று தங்களுக்கே சொல்லிக்கொண்டார்கள்.

அதே வீட்டில் இன்னொரு கேள்வியும் காத்திருந்தது. தங்கை தமிழாசிரியை. 2017ல் வாங்கிய மடிக்கணினி ஒன்று அவளிடம் இருக்கிறது, உள்ளே ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11 அந்தக் கணினியில் முறைப்படி ஏறாது. இன்டெல் செயலி என்றால், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் ஏற்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். கணினியோ நன்றாக ஓடுகிறது. தூக்கிப்போட மனம் வருமா?

ஆக ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு வேலை, இரண்டு முடிவு. இதைச் சாக்காக வைத்து விண்டோஸ், மேக், லினக்ஸ் என்ற மூன்று தளங்களையும் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்தேன். வாங்கும் நேரத்தில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் இந்த விசுவாசத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் ஒப்பீட்டைக் கெடுப்பது அதுதான்.

1985ல் மேலை நாடுகளில் இரண்டு வீட்டுக் கணினிகள் மோதிக்கொண்டன. கமடோர் நிறுவனத்தின் அமிகா ஒன்று, அடாரி எஸ்டி இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி ரசிகர் கூட்டம், தனித்தனிப் பத்திரிகைகள். அமிகாவில் படமும் ஒலியும் அபாரம் என்பார்கள் அவர்கள். எஸ்டியில் இசைக்கருவிகளை இணைக்கும் மிடி துளைகள் கூடவே வருகின்றன, இசைக்கலைஞர்கள் எங்கள் பக்கம் என்பார்கள் இவர்கள். இதில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்த விஷயம் வேறு. அடாரியை அப்போது நடத்தியவர் ஜாக் டிராமியெல், கமடோரையே தொடங்கியவர். 1984 ஜனவரியில் அங்கிருந்து வெளியேறி, அதே ஆண்டு ஜூலையில் அடாரியின் கணினித் தொழிலை வாங்கினார். அமிகாவின் தந்தை என்று சொல்லப்படும் ஜே மைனரோ முன்பு அடாரியில் சில்லு வடிவமைத்தவர். அதாவது கமடோர் ரசிகர்கள் கொண்டாடிய கணினியை உருவாக்கியது அடாரிக்காரர், அடாரி ரசிகர்கள் கொண்டாடிய கணினியை உருவாக்கவைத்தது கமடோர்க்காரர். இரண்டு கணினிக்குள்ளும் இருந்த செயலி ஒன்றே, மோட்டரோலா 68000. 1984ல் வந்த முதல் மேக்கின்டாஷுக்குள்ளும் அதுதான். உள்ளே ஆட்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். வெளியே ரசிகர்கள் பெயர்ப்பலகைக்காகச் சண்டை போட்டார்கள். 1994 ஏப்ரலில் கமடோர் மூழ்கியது. அமிகாவில் படம் வரைந்தும் இசை அமைத்தும் வைத்திருந்தவர்களுக்கு அந்த விசுவாசத்துக்கு ஈடாக யாரும் எதுவும் தரவில்லை.

இன்னொரு காட்சி. 1997 ஆகஸ்டில் பாஸ்டன் நகரில் மேக் ரசிகர்கள் கூடிய மாநாடு. ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் நின்று, மைக்ரோசாஃப்ட் ஆப்பிளில் 15 கோடி டாலர் முதலீடு செய்கிறது, மேக்குக்காக ஆஃபீஸ் மென்பொருளை ஐந்து ஆண்டு தொடர்ந்து தரும் என்று அறிவிக்கிறார். பெரிய திரையில் பில் கேட்ஸின் முகம் வருகிறது. அரங்கம் கூச்சலிட்டு எதிர்க்கிறது. ஆப்பிள் ஜெயிக்க மைக்ரோசாஃப்ட் தோற்கவேண்டும் என்ற எண்ணத்தை விடவேண்டும் என்று ஜாப்ஸ் அவர்களிடம் சொல்லவேண்டியிருந்தது. கூச்சலிட்டவர்களின் மேசைமேல் இருந்த மேக் பிழைத்திருக்க அந்த ஆஃபீஸ் தேவைப்பட்டது. தங்களுக்கு நல்லது நடந்த நாளில் அவர்கள் அதைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

நானும் இந்த நோயிலிருந்து தப்பியவனில்லை. ஏறக்குறைய பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, பென் டிரைவ் வழியாக வைரஸ் வந்து அவதிப்பட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவின் கடைக் கணினியில் லினக்ஸ் போட்டுக்கொடுத்தேன். இரும்புச் சாமான் கடை, பில்லும் இருப்புக் கணக்கும் அந்த ஒரு கணினியில்தான். அவருடைய கணக்கு மென்பொருள் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. அதை வைன் என்ற இடைச்செருகல் மூலம் ஓடவைத்துவிடலாம் என்று நம்பினேன். திறந்தது, எண்களும் வந்தன. அச்சு எடுக்கும்போது மட்டும் பாதி வரிகள் காணாமல்போயின. அது மார்ச் கடைசி வாரம். நான்கு நாள் சித்தப்பா கையால் பில் எழுதினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உனக்குப் புடிச்சதை எனக்குக் குடுத்துட்டேப்பா" என்று மட்டும் பிறகு ஒருநாள் சொன்னார். இன்றைக்கும் யாராவது கணினி யோசனை கேட்டால் அந்தக் குரல்தான் முதலில் கேட்கிறது.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம்.

வேகம், திரை, எடை என்று பட்டியல் போட்டு ஒப்பிடுவது எளிது. எந்தக் கடைக்காரரும் அதைச் செய்துதருவார். நான் பார்ப்பது வேறு ஒன்றை: இந்தத் தளம் எதைக் காப்பாற்றும், எதைக் கைவிடும்? ஒரு கணினியை ஆறேழு வருடம் வைத்திருப்போம். அதற்குள் ஏதாவது ஒன்று கைவிடப்படும். எது என்று முன்பே தெரிந்தால் பாதி முடிவு எடுத்தமாதிரி.

விண்டோஸ் பழைய மென்பொருளைக் காப்பாற்றும். இருபது வருடத்துக்கு முன் எழுதப்பட்ட எத்தனையோ நிரல்கள் இன்றும் அதில் திறக்கின்றன. நம் ஊர் அச்சகங்களிலும் டிடிபி மையங்களிலும் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் இவ்வளவு காலம் உயிரோடு இருந்ததற்கு அதுதான் காரணம். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001ல். அலுவலகங்களும் அரசுத் துறைகளும் விண்டோஸை விடாததற்கும் இந்தக் குணம்தான் காரணம். ஆனால் விண்டோஸ் 11 வந்தபோது பழைய கணினிகளைத்தான் வாசலில் நிறுத்தினார்கள். தங்கையின் மடிக்கணினி அப்படி வெளியே நிற்கிற ஒன்று.

மேக் நேர்மாறு. ஆப்பிள் தன் பழசை வெட்டிவிட்டு முன்னே போகும் வழக்கம் கொண்டது. மோட்டரோலா 68000 வகைச் செயலியிலிருந்து 1994ல் பவர்பிசி செயலிக்கு மாறினார்கள், 2006ல் இன்டெலுக்கு, 2020 நவம்பரில் தங்கள் சொந்த எம்1 சில்லுக்கு. ஒவ்வொரு முறையும் பழைய மென்பொருளை ஓட்ட ஒரு பாலம் போட்டுத்தருவார்கள், சில வருடம் கழித்து அந்தப் பாலத்தை எடுத்துவிடுவார்கள். பவர்பிசிக்கான பாலம் 2011ல் போனது. பழைய வகையான 32 பிட் நிரல்கள் 2019ல் வந்த கேட்டலினா பதிப்போடு மொத்தமாக நின்றன. 2025ல் வந்த டாஹோ பதிப்புதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று அறிவித்துவிட்டார்கள். இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. வெட்டுவதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வெட்டுகிறார்கள், அதனால்தான் அவர்களால் விசிறியே இல்லாத ஒரு மெல்லிய கணினியை இவ்வளவு வேகமாகச் செய்யமுடிகிறது. மேக்கில் இருப்பவர் தன் மென்பொருளையும் கூடவே புதுப்பித்துக்கொண்டே வரவேண்டும், அதற்குக் காசும் மனமும் வேண்டும், அவ்வளவுதான்.

லினக்ஸ் பழைய கணினியைக் காப்பாற்றும். 4 ஜிபி ரேம் உள்ள பத்து வருடக் கணினியில்கூட லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின் எளிய எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு சுணங்காமல் ஓடும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால் புதுக் கணினி மாதிரியே இருக்கும். கைவிடுவது எதை என்றால், உங்களுக்குப் பழகிய மென்பொருளை. ஃபோட்டோஷாப், பக்க வடிவமைப்புக்கான இன்டிசைன், மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸின் முழுப் பதிப்பு எதுவும் அதில் நேரடியாக வராது. பதிலுக்கு முறையே கிம்ப், ஸ்கிரைபஸ், லிப்ரெஆஃபீஸ் இருக்கின்றன. சில வேலைக்கு அவையே போதும், சில வேலைக்குப் போதாது. "எல்லாத்துக்கும் மாற்று இருக்கு" என்று நான் ஒரு காலத்தில் சொன்னது தவறு. நமக்கு வேலை தருகிறவர் எந்தக் கோப்பு வடிவில் கேட்கிறாரோ அதற்கு மாற்று இருக்கிறதா என்பதே கேள்வி.

இப்படிப் பார்த்ததும் தங்கை மகளின் விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவளைக் கல்லூரியில் மூத்த மாணவி ஒருத்தியிடம் பேசச் சொன்னேன். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், பிறகு ரெவிட் என்றாள் அந்தப் பெண். ஆட்டோகேடும் ஸ்கெட்ச்அப்பும் மேக்கில் உண்டு. ரெவிட் விண்டோஸுக்கு மட்டுமே. முன்பு, 2006 முதல் இன்டெல் மேக்குகள் இருந்த காலம்வரை, பூட் கேம்ப் மூலம் மேக்கிலேயே விண்டோஸை நிறுவிக்கொள்ளலாம். ஆப்பிளின் சொந்தச் சில்லு வந்தபின் அந்த வழி மூடிவிட்டது. மேக்குக்குள் மெய்நிகர் கணினியாக விண்டோஸை ஓட்டலாம்தான், ஆனால் அது ஆர்ம் என்ற வேறு வகைச் செயலிக்கான விண்டோஸ், ரெவிட் அதில் முறைப்படி ஆதரிக்கப்படுவதில்லை. ஐந்து வருடப் படிப்பை அந்த நூலில் தொங்கவிட முடியாது.

அதே காரணத்துக்காக இன்னொரு எச்சரிக்கையும் சொன்னேன். 2024 நடுவிலிருந்து ஸ்னாப்டிராகன் செயலியோடு வரும் விண்டோஸ் மடிக்கணினிகள் கடைகளில் கிடைக்கின்றன. பேட்டரி நன்றாக நிற்கும், எடை குறைவு, விற்பனையாளர் புகழ்வார். அவையும் ஆர்ம் வகைதான். எழுத, படிக்க, இணையம் பார்க்க அருமையானவை. பொறியியல், கட்டடக்கலை மாணவர்கள் மென்பொருள் பட்டியலைச் சரிபார்க்காமல் வாங்கவேண்டாம்.

ஆக அவளுக்கு இன்டெல் அல்லது ரைஸன் செயலி, 16 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள விண்டோஸ் கணினி. ரேமும் எஸ்எஸ்டியும் பின்னால் கூட்டமுடிகிற மாதிரி இருப்பது முக்கியம். மூன்றாம் வருடம் கோப்புகள் கனக்கும்போது அந்த வசதி கைகொடுக்கும். ஆட்டோகேடையும் ரெவிட்டையும் தயாரிக்கும் ஆட்டோடெஸ்கின் மென்பொருள்கள் மாணவர்களுக்கு இலவசக் கல்வி உரிமத்தில் கிடைக்கின்றன. திருட்டுப் பதிப்பைக் கடையில் போட்டுத்தரச் சொல்லவே வேண்டாம். வைரஸ் வருவது பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான்.

மேக்கை விட்டதில் அண்ணன் மகனுக்கு வருத்தம். அவன் சொன்னதில் நியாயமும் இருக்கிறது. 2025 மார்ச்சில் எம்4 மேக்புக் ஏர் இந்தியாவில் 99,900 ரூபாய்க்கு வந்தது, 16 ஜிபி ரேமோடு. 18 மணி நேரம்வரை பேட்டரி நிற்கும் என்கிறது ஆப்பிள். மாணவர் விலை இன்னும் குறைவு. அவள் படிப்பது இதழியலாகவோ காட்சித் தொடர்பியலாகவோ இருந்திருந்தால் நானே மேக் வாங்கச் சொல்லியிருப்பேன். வீடியோ தொகுக்க ஃபைனல் கட், இசைக்கு லாஜிக், இந்த மூன்று தளங்களில் இரண்டும் மேக்கில் மட்டுமே கிடைக்கும். ஐபோனுக்கு ஆப் எழுதிப் பழகவேண்டும் என்றாலும் மேக் தேவை. நாள் முழுக்க வெளியே சுற்றி எழுதுகிற நிருபருக்கு அதைவிட நிம்மதியான கணினி இப்போது இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் வாங்கும்போதே ரேமையும் சேமிப்பிடத்தையும் தீர்மானித்துவிட வேண்டும், பின்னால் கூட்டவே முடியாது. சென்னை, கோவையில் பழுதுபார்க்க இடம் உண்டு. சின்ன ஊரில் திரை உடைந்தால் பஸ் ஏறவேண்டும்.

மேக்குக்கு மாறுகிறவர்கள் முதல் வாரத்தில் தடுமாறும் ஒரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் பயன்படுத்திய வெளி ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கும். மேக் அதைப் படிக்கும், அதில் எழுதாது. மேக்கின் வடிவில் உள்ள டிஸ்கை விண்டோஸ் கண்டுகொள்ளவே கொள்ளாது. புது டிஸ்க் வாங்கியதும் எக்ஸ்ஃபேட் வடிவில் மாற்றிவிட்டால் இரண்டிலும் எழுதலாம், படிக்கலாம்.

ஒரு தளத்தில் ஆட்களைக் கட்டிவைப்பது எது என்று கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரியும். கணினி விளையாட்டுகள் செய்யும் எபிக் நிறுவனம் ஆப்பிள்மேல் போட்ட வழக்கில் 2021ல் உள்கடிதங்கள் வெளியாயின. ஐபோனில் செய்தி அனுப்பும் ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்குக் கொடுத்தால், ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித்தர இருக்கும் தடை போய்விடும் என்ற கருத்தை ஆப்பிளின் மூத்த அதிகாரி ஒருவர் அதில் எழுதியிருந்தார். அமெரிக்காவில் அந்தக் கட்டு பலமானது. நம்மூரில் எல்லோரும் வாட்ஸப்பில் இருக்கிறோம், அதனால் அந்தக் கயிறு நம்மை அவ்வளவாக இறுக்குவதில்லை. நம்மைக் கட்டிவைக்கும் கயிறுகள் வேறு.

ஒன்று, கணக்கு. டாலிபிரைம் விண்டோஸ் மென்பொருள். ஜிஎஸ்டி, வருமான வரி, டெண்டர் வேலைகளுக்கு டிஎஸ்சி டோக்கன் என்ற யுஎஸ்பி கையெழுத்துக் குச்சி வைத்திருப்பவர்கள், அதை இயக்கும் டிரைவர் நிரல் தங்கள் கணினியில் ஓடுமா என்று வாங்குவதற்கு முன் பார்க்கவேண்டும். ஆடிட்டர் அலுவலகமும் கடைக் கணக்கும் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸிலேயே இருங்கள் என்று தயங்காமல் சொல்வேன். சித்தப்பாவின் நான்கு நாளுக்குப் பிறகு எனக்கு இதில் இரண்டு கருத்து கிடையாது.

இரண்டு, கேட்க ஆள். 2011 செப்டம்பர் 15ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அந்தக் கணினிகளில் விண்டோஸும் இருந்தது, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எந்தப் பக்கம் போவது என்று திறக்கும்போதே கேட்கும். எனக்குத் தெரிந்த வீடுகளில் பிள்ளைகள் விண்டோஸ் பக்கமே போனார்கள். பாஸ் மோசம் என்று யாரும் சொல்லவில்லை, ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. பக்கத்தில் கேரளத்திலோ பள்ளிக் கணினிக் கல்வியை முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடப்புத்தகத்தையும் தேர்வையும் அதன்மேலேயே அமைத்தார்கள். இன்று கைட் என்ற அமைப்பு அதைத் தொடர்ந்து நடத்துகிறது. அங்கே லினக்ஸ் தங்கிவிட்டது. நம் பிள்ளைகளுக்குக் கணினியோடு ஒரு ஆசிரியரையும் கொடுத்திருந்தால் இங்கேயும் தங்கியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு தளத்தைத் தேர்வு செய்யும்போது, ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபோன் போட்டால் எடுக்கக்கூடிய ஆள் எந்தத் தளத்தில் இருக்கிறார் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

மூன்றாவது கயிறு எழுத்து. தங்கையின் முடிவை நாங்கள் வாரக்கணக்கில் தள்ளிப்போட்டது இதனால்தான்.

அவளுக்கு நான்கு வழிகள் இருந்தன. விண்டோஸ் 10ஐயே வைத்துக்கொண்டு நீட்டிப்புத் திட்டத்தில் சேரலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அதில் சேமித்தால் காசில்லாமல், அல்லது 30 டாலர் கட்டி, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும். அது மூச்சு வாங்க ஒரு வருடம், தீர்வு ஆகாது. புது விண்டோஸ் கணினி வாங்கலாம். மகளுக்கு வாங்கும் நேரத்தில் இன்னொன்றுக்குக் காசு இல்லை. மேக் அதைவிடத் தூரம். மிச்சம் லினக்ஸ்.

அவளுடைய வேலை என்ன? வினாத்தாள், பாடக்குறிப்பு, மாதத்துக்கு ஒரு கட்டுரை, யூடியூபில் பட்டிமன்றம். லிப்ரெஆஃபீஸும் ஃபயர்ஃபாக்ஸும் தாராளமாகப் போதும். தமிழ்த் தட்டச்சிலும் தடையில்லை. மேக்கில் தமிழ்99, அஞ்சல் என்ற விசைப்பலகை முறைகள் இரண்டும் கூடவே வருகின்றன. எழுத்துரு வடிவமைப்பாளர் முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துருவும் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளிலும் தமிழ்99, அஞ்சல் வந்துவிட்டன. லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை, பழைய தட்டச்சு முறை, இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் முறை எல்லாம் கிடைக்கும். தங்கை தமிழ்99 பழகியவள். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில் என்று அவள் விரல் தானாகப் போகும். 1999 சென்னை தமிழிணைய மாநாட்டில் ஏற்கப்பட்ட அந்த அமைப்பு மூன்று தளத்திலும் ஒன்றாகவே இருப்பதால், விரலுக்கு எந்த மாற்றமும் தெரியாது. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத ஒரு பொதுத் தரம் செய்கிற நன்மை இது. கம்பெனிமேல் வைக்கும் பற்றை இப்படிப்பட்ட தரங்கள்மேல் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அவளுடைய பழைய கோப்புகள் அப்படி இல்லை. பதினான்கு வருட வினாத்தாள்கள். பாதிக்குமேல், யூனிகோட் எனப்படும் ஒருங்குறி என்ற பொது எழுத்துத் தரம் பரவுவதற்கு முன் நம் ஊரில் வழங்கிய எழுத்துரு ஒன்றில் அடித்தவை. அவை உண்மையில் தமிழாகச் சேமிக்கப்பட்டவை இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும், அந்த ஒரு எழுத்துரு அவற்றைத் தமிழ்போலக் காட்டிக்கொண்டிருந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல். அந்த எழுத்துருவோடு வந்த தட்டச்சு நிரல் விண்டோஸில் மட்டும் ஓடும், அதுவும் பழைய விண்டோஸில். பதினான்கு வருடமாக அவள் விண்டோஸை விடாததற்குக் காரணம் விண்டோஸ் இல்லை. இந்தக் கோப்புகள்.

யோசித்துப் பாருங்கள், தமிழ் ஒருங்குறித் தரத்தில் 1991லேயே இடம்பெற்றுவிட்டது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. தரம் இருந்தும் பல வருடம் நாம் தனித்தனி எழுத்துருக்களிலேயே அடித்துக்கொண்டிருந்தோம். அச்சகம் அதைத்தான் கேட்டது, பேஜ்மேக்கருக்கு ஒருங்குறி தெரியாது, அதனால் அலுவலகமும் பள்ளியும் அதையே பிடித்துக்கொண்டன. எத்தனை சிற்றிதழ்கள், எத்தனை ஆண்டுமலர்கள், எத்தனை முனைவர் பட்ட ஆய்வேடுகள் இன்று யாராலும் திறக்கமுடியாத சிடிக்களில் கிடக்கின்றன என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஆகவே தளத்தை மாற்றுவதற்கு முன் கோப்பை மாற்று என்று முடிவு செய்தோம். விண்டோஸ் 10 இன்னும் உள்ளே இருக்கும்போதே எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் இரண்டு படி எடுத்தோம். அந்த எழுத்துருக் கோப்பையும் கூடவே வைத்தோம். அச்சில் எப்படி இருந்ததோ அப்படியே பிடிஎஃப்பாக ஒருமுறை சேமித்தோம், பின்னால் ஒப்பிட உதவும். அப்புறம் பழைய எழுத்துகளை மாற்றித்தரும் மாற்றி நிரல் ஒன்றின் வழியாக ஒருங்குறிக்குக் கொண்டுவந்தோம்.

பிறகு மின்ட்டை ஒரு பென் டிரைவில் எழுதி, நிறுவாமலேயே அதிலிருந்து கணினியைத் திறந்து இரண்டு நாள் ஓட்டிப்பார்த்தாள். இதை யாரும் தாண்டிப்போகக் கூடாது. வைஃபை, ஒலி, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, ப்ரொஜெக்டர், பிரிண்டர் எல்லாம் அந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும். எங்களுக்குப் பிரிண்டர்தான் இடித்தது. வீட்டில் இருந்த பழைய லேசர் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் சரியாக அமையவில்லை. வினாத்தாளைப் பிடிஎஃப்பாக்கிப் பள்ளியில் எடுத்துக்கொள்கிறாள், மகளின் புதுக் கணினி வந்ததும் அதிலிருந்தும் எடுக்கலாம். அவளுக்கு அது பெரிய தொந்தரவாகப் படவில்லை. தினமும் நூறு பக்கம் எடுப்பவர் என்றால் இந்த ஒரு காரணமே லினக்ஸ் வேண்டாம் என்று சொல்லப் போதுமானது.

ஒன்றைக் கவனமாகச் செய்யுங்கள். விண்டோஸ் உள்ள கணினியில், முக்கியமாகப் புதியதில், டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டின் மீட்புச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். லினக்ஸ் போடப் போவதற்கு முன் அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். சாவி இல்லாமல் உள்ளே இருப்பதை எடுக்க யாராலும் முடியாது.

என் வேலைக் கணினியைப் பற்றியும் கேட்பீர்கள். புத்தக வடிவமைப்புக்காக நான் விண்டோஸ் வைத்திருக்கிறேன். அச்சகத்தார் இன்டிசைன் கோப்பு கேட்கிறார்கள். ஸ்கிரைபஸில் தமிழ் இப்போது உடையாமல் வருகிறது, நான் தனியாகச் செய்யும் சிறு நூல்களை அதில்தான் செய்கிறேன். வீட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் லினக்ஸ். எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் இன்றும் லினக்ஸ்தான், அதை மறைக்கப் போவதில்லை. தங்கை மகளுக்கு விண்டோஸ் என்று குழுவில் நான் எழுதியபோது "நீங்களா மாமா?" என்று அவளே கேட்டாள்.

அவளுடைய கணினி ஜூலையில் வந்துவிடும். தங்கையுடையதில் மின்ட் ஏறி ஒரு மாதம் ஆகிறது. மாலை நேரங்களில் பழைய வினாத்தாள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பிடிஎஃப்போடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறாள். மாற்றி நிரலுக்கு ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்தால் குழப்பம். "வெள்" வருகிற இடத்தில் ஔகாரம் என்று எண்ணி "வௌ்" என்று போட்டுவிடுகிறது. நேற்று பத்தாம் வகுப்புத் தாளில் வௌ்ளிவீதியார் என்று நின்றிருந்தாராம். ஃபோனில் சொல்லிவிட்டு, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டச்சுச் சத்தம் கேட்டது. "இப்போ சரியா வந்துட்டாங்க" என்றாள்.